ஏழாம் போத்தலின் கறுப்பு

ஏழாம் போத்தல் மட்டும் பிடிவாதம் பிடித்தது.

வில்காரா ஊரைச் சுற்றிப் பன்னிரண்டு தூசிமானிகள் நின்றன. ஒவ்வொரு மாதமும் முதல் நாள் அவற்றின் போத்தல்களைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டி, கழற்றியதைச் சிட்னியில் உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது சுகிர்தனின் வேலை. பதினொரு போத்தல்கள் நல்ல பிள்ளைகளாக இரண்டு, இரண்டேகால் என்று கணக்குச் சொல்லின. ஏழாவது ஏப்ரலில் நாலரை என்றது. மே மாதம் நாலு தசம் ஏழு. ஜூனில் நாலு தசம் ஆறு. மார்ச் வரை அதுவும் இரண்டுக்குப் பக்கத்தில்தான் நின்றது. அதற்குப் பிறகு அதற்கு என்ன வந்தது என்பது சுகிர்தனுக்குப் பிடிபடவில்லை.

தூசிமானி என்றதும் பெரிய யந்திரம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மீற்றர் கம்பத்தின் தலையில் இரும்பு வளையம் ஒன்று. அதில் குந்தியிருக்கும் ஒரு கண்ணாடிப் புனல். புனலுக்குக் கீழே போத்தல். அவ்வளவுதான். மின்சாரமும் இல்லை, சக்கரமும் இல்லை. வானத்திலிருந்து விழுவது புனலில் விழும். மழை வந்தால் அதைக் கழுவிப் போத்தலுக்குள் இறக்கும். வராவிட்டால் மாத முடிவில் சுகிர்தன் சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவி இறக்குவான். பாசி பிடிக்காமலிருக்கப் போத்தலில் கொஞ்சம் மயில்துத்தம் கரைத்திருக்கும்.

ஆய்வுகூடத்தில் அந்தத் தண்ணீரை ஒரு மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் முதலில் வடிப்பார்கள். இலை, பூச்சி எல்லாம் அதில் நின்றுவிடும். கீழே இறங்கியதைத் தாளில் வடித்து, காயவைத்து நிறுப்பார்கள். பிறகு உலையில் வைத்து எரிப்பார்கள். எரிந்து மறைந்தது ஒரு கணக்கு. மிஞ்சிய சாம்பல் இன்னொரு கணக்கு. மண் எரியாது, நிலக்கரி எரியும். ஆகவே எரிந்த கணக்கு ஏறினால் எல்லோருடைய விரலும் சுரங்கத்தைக் காட்டும்.

புனலின் வாய் பதினைந்து சென்ரிமீற்றர் அகலம். அந்தச் சின்ன வாயில் விழுந்ததை வைத்து, ஒரு சதுர மீற்றர் நிலத்தில் எத்தனை கிராம் விழுந்திருக்கும் என்று பெருக்கிச் சொல்வதுதான் அந்த இரண்டும் நாலரையும். சுரங்கத்தின் அனுமதிப் பத்திரத்தில், ஆண்டுச் சராசரி நாலைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருந்தது. இப்படியே ஏறிக்கொண்டு போனால் டிசம்பரில் ஏழாம் போத்தல் தாண்டிவிடும்.

அந்த ஏழாம் தூசிமானி நின்றது டெப்பின் பின்வளவில். டெப்பின் பின்வளவில்தான் சுகிர்தனும் மனைவி சிவகௌரியும் குடியிருந்தார்கள்.

டெப்புக்கு ஐம்பத்தெட்டு வயது. விடியப்புறம் நாலரைக்குத் தொழிலாளர்களைச் சுரங்கத்துக்கு ஏற்றிப் போகும் பஸ்ஸின் சாரதி அவள். பெப்ரவரியில் சுகிர்தன் தூரத்து நகர்ப்புறமான டண்டினொங்கிலிருந்து இந்த வேலைக்கு வந்தபோது, ஊரில் வாடகை வீடு என்ற பேச்சே இருக்கவில்லை. இருந்த வீடுகளைச் சுரங்கக்காரர்கள் முறைவேலை ஆட்களுக்குப் பிடித்து வைத்திருந்தார்கள். காரவன் எனும் வண்டிவீடுகள் நிறுத்தும் இடத்தில், தகரம் கொதிக்கும் ஒரு பெட்டிக்குள் இருவரும் ஐந்து கிழமை கிடந்தார்கள். ஒருநாள், நாற்பத்தொரு பாகை வெயிலில், இரண்டு கையிலும் பையோடு கௌரி நடந்து வந்துகொண்டிருந்தாள். வேலை முடிந்த முப்பது பேரை ஏற்றி வந்த பஸ் அவளுக்குப் பக்கத்தில் நின்றது.

"ஏறு" என்றாள் சாரதி. "வெயிலில் வெந்துபோக உனக்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள்."

அந்தச் சனிக்கிழமையே பின்வளவு வீட்டுத் திறப்பு கௌரியின் கையில் இருந்தது. இரண்டு அறை, ஒரு குசினி. சுகிர்தன் தன் விசாக் கடிதங்களையும் பழைய வீட்டுக்காரரின் கடிதத்தையும் நீட்டியபோது டெப் வாங்கவில்லை.

"கடிதம் வாசிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும், சுக்கி. கண்ணாடி பஸ்ஸில் கிடக்கிறது. உன் மனைவி சமைப்பாளா? அது போதும்."

பத்து வருடமாகக் கடிதம் காட்டிக் காட்டியே வாழ்ந்தவன், கடிதம் வேண்டாம் என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டதும் வீட்டுக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

ஜூலைத் தொடக்கத்தில் சுரங்க நிறுவனத்தின் கடிதம் வந்தது. இதை வாசிக்க டெப் கண்ணாடியை எடுத்து வந்தாள். ஏழாம் தூசிமானியின் அளவு கூடிவருவதால், ஆண்டுச் சராசரி எல்லையைத் தாண்டும் பட்சத்தில், அந்தத் தெருவில் உள்ள நான்கு வீடுகளையும் வாங்கி அப்புறப்படுத்த நிறுவனம் விண்ணப்பிக்கும் என்று எழுதியிருந்தது.

"வாங்கிவிட்டு இடிப்பார்கள்" என்றாள் டெப். "ஊரின் மேற்குப் பக்கத்தில் அப்படித்தான் செய்தார்கள். தூசியைக் குறைப்பதைவிட ஆட்களைக் குறைப்பது சுலபம்."

"நீங்கள் என்ன செய்வீங்கள், டெப்?" என்று கௌரி கேட்டாள்.

"எல்லோரும் கடற்கரைக்குப் போகச் சொல்கிறார்கள். கடற்கரைக்குப் போய் என்ன செய்ய? எனக்கு நீந்தத் தெரியாது." டெப் கடிதத்தை நாலாக மடித்தாள். "முப்பத்தொரு வருடம், கௌரி. எனக்கு வேறு வீடு பழக்கமில்லை."

அன்றிரவு சுகிர்தன் போத்தல்களின் அறிக்கைகளை எடுத்து மேசையில் பரப்பினான். அந்தப் போத்தலைக் கழற்றுகிற கை அவனுடையது. இருக்க இடம் தந்தவளின் வீட்டை, மாதா மாதம், தன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டிருப்பது போல இருந்தது.

அவன் தேடாத இடமில்லை. காற்றுத் திசைப் படத்தை விரித்துப் பார்த்தான். சுரங்கத்துக் காற்று ஏழாவதை அடைய வேண்டுமென்றால் ஆறாவதையும் எட்டாவதையும் தாண்டித்தான் வரவேண்டும். அவை இரண்டும் சாதுவாக இருந்தன. லொறிகள் பாதை மாற்றவில்லை. புனலில் வெடிப்பில்லை. கடைசியில் டெப்பின் இறைச்சி வாட்டும் அடுப்பின்மேல் சந்தேகம் போனது. தயங்கித் தயங்கிச் சொன்னான். டெப் ஜூலை முடியும்வரை அதை மூடி வைத்தாள்.

ஜூலைப் போத்தல் ஐந்து என்றது.

"ஒரு மாதம் சொசேஜ் இல்லாமல் இருந்திருக்கிறேன்" என்றாள் டெப். "அடுத்த முறை சந்தேகப்படுவதாக இருந்தால் கீரையைச் சந்தேகப்படு."

ஜூலை அறிக்கையை அவன் பத்தாவது தடவையாகப் பார்த்தபோதுதான் இதுவரை பார்க்காத பக்கத்தைப் பார்த்தான். எல்லோரும் எரிந்த கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சாம்பல் கணக்கைப் பார்த்தான். ஏழாம் போத்தலின் சாம்பல், ஆறாவதின் சாம்பலோடும் எட்டாவதின் சாம்பலோடும் அச்சொட்டாக ஒத்திருந்தது.

அது நடக்க முடியாத காரியம். நிலக்கரி முழுவதும் எரிந்து போய்விடுவதில்லை. மரமாக மண்ணுக்குள் புதையுண்டபோது கூடவே சேறும் களியும் புகுந்துவிடுகின்றன. எரித்தால் அவை சாம்பலாக மிஞ்சும். வில்காராக் கரியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஏழாம் போத்தலில் கூடுதலாக விழுந்தது கரி என்றால் சாம்பலும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. அப்படியென்றால் விழுந்தது கறுப்பாக இருக்கலாம், எரியலாம், ஆனால் கரி இல்லை.

ஓகஸ்ற் போத்தலை அனுப்பும்போது ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மோனிகாவுக்குத் தொலைபேசி எடுத்தான். சென்னைப் பெண், சிட்னியின் ஹோம்புஷ்ஷில் இருப்பவள். அறிக்கை தொடர்பாக இரண்டு மூன்று முறை பேசியதில் தமிழ் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"மோனிகா, ஏழாம் போத்தலை எரிக்க முதல் உருப்பெருக்கியில ஒருக்கா வைச்சுப் பாக்கேலுமே? அரிதட்டில நிக்கிறதையும் எறிஞ்சு போடாதேங்கோ."

"பாத்துடலாம் அண்ணா. எங்க சூப்பர்வைசர்கிட்ட ஒரு வரி மெயில் மட்டும் போட்டுடுங்க."

நாலாம் நாள் அவளே எடுத்தாள். குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அரிதட்டுல மூணு விதை நின்னுச்சு. கறுப்பு, கண்ணீர்த்துளி மாதிரி. தாள்ல இருக்கறது பூரா அதோட பொடி. எண்ணெய் வேற கசியுது. எனக்கு எள்ளுருண்டை ஞாபகம் வந்துடுச்சு."

"எள்ளோ?"

"ஆமா, எள்ளுதான். அதுவும் வறுத்த எள்ளு. அந்த ஊர்ல எள்ளு விளையுதா?"

வில்காராவில் எள் விளைவதில்லை. எள் இருந்தது ஒரே ஒரு வீட்டில். டண்டினொங் கடையில் வாங்கிய இரண்டு கிலோப் பொதி, குசினி இறாக்கையில், மேல்தட்டில்.

வீட்டுக்குப் போனவன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"கௌரி, எள்ளை நீர் என்னத்துக்குப் பாவிக்கிறனீர்?"

"சனிக்கிழமையில காகத்துக்கு வைக்கிறனான். ஏன்?"

"எப்ப தொடக்கம்?"

"வீடு கிடைச்ச நாள் தொடக்கம். நீங்கள்தான் சனிக்கிழமையில வேலைக்குப் போயிடுவியளே, எங்க கண்டியள்!" என்றாள் கௌரி. பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அகப்பையைக் கீழே வைத்தாள். "என்னப்பா?"

சனிக்கிழமை அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு குசினி யன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். கௌரி முழுகிவிட்டு, சுடுசோற்றில் வறுத்து இடித்த எள்ளும் உப்பும் நல்லெண்ணெயும் பிசைந்து, தட்டில் வைத்து வேலித் தூணில் வைத்தாள். கூப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக் கண்ணோடு, பச்சைக் குழந்தை சிணுங்குவது போல இழுத்து இழுத்துக் கத்தும் இந்த ஊர்க் காகங்கள் இரண்டு கூரையில் தயாராக இருந்தன. ஒன்று வந்து தின்றது. தின்றுவிட்டுப் பறந்து, பத்தடி தள்ளி நின்ற தூசிமானியின் வளையத்தில் குந்தியது. தலையைச் சாய்த்து வளையத்தில் அலகை இழுத்துத் துடைத்தது. பிறகு மற்றப் பக்கம்.

சுகிர்தன் கணக்குப் போட்டான். ஏழாம் போத்தலில் கூடுதலாக இருந்தது, சதுர மீற்றருக்குப் பெருக்காமல் பார்த்தால், நாற்பத்தைந்து மில்லிகிராம். ஒரு எள்ளு மூன்று மில்லிகிராம். மாதத்துக்குப் பதினைந்து எள்ளு. ஒரு சனிக்கு மூன்றோ நாலோ. நான்கு வீடுகள் இடிபடுவதற்கு அது போதுமாக இருந்தது.

கௌரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, நான் அவவின்ர பேரிலயல்லோ வைச்சனான்!"

"ஆரின்ர பேரில?"

"டெப்பின்ர பேரில. டண்டினொங் பக்கத்தில, கேரம் டவுன்ஸ் கோயில்ல நேந்துகொண்டு வந்தனான், இருக்க ஒரு இடம் கிடைச்சா இடம் தந்த ஆளின்ர பேரில சனிக்கிழமை தவறாமல் வைப்பன் எண்டு. நாங்கள் அவவுக்கு வேற என்னத்தைக் குடுக்கிறது? இஞ்ச கோயிலும் இல்லை. சனீஸ்வரன்ர வாகனமாவது வேலிக்கு வருகுதே எண்டு நினைச்சன்." அவள் கண் கலங்கியது. "இண்டையோட நிப்பாட்டிறன். அவவுக்குச் சொல்லவேண்டாம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நான்தான் சொல்லவேணும்."

சுகிர்தனின் மனம் ஒரு கணம் வேறு பக்கம் ஓடியது. பேசாமல் நிறுத்திவிட்டால் அளவு தானாக இறங்கும். யாருக்கும் தெரியவராது. தூசிமானி பார்க்கிறவன் வீட்டிலிருந்தே தூசிமானி கெட்டது என்று எழுதினால் அவன் வேலை என்ன ஆகும்? ஆனால் எழுதாவிட்டால், ஏப்ரல் முதல் ஓகஸ்ற் வரை விழுந்தது கரி என்றுதான் பதிவில் நிற்கும்; கடிதமும் டெப்பின் மேசையில் நிற்கும். உட்கார்ந்து எழுதினான். மோனிகா அனுப்பிய படங்களையும் சேர்த்து, எள்ளு, காகம், மனைவி, நேர்த்தி என்று ஒன்றும் மறைக்காமல் தன் மேலாளர் கிரெக்குக்கு அனுப்பினான்.

கிரெக் ஒரு மணித்தியாலத்தில் அழைத்தார்.

"சுக்கி, இந்தப் போத்தல்களுக்குள் நான் எறும்பு கண்டிருக்கிறேன், பல்லி கண்டிருக்கிறேன், ஒரு தடவை யாருடையதோ பொய்ப்பல் கண்டிருக்கிறேன். சாமிக்கு வைத்த சோறு இதுதான் முதல் தடவை." அவர் சிரித்து முடித்துவிட்டுத் தொடர்ந்தார். "எழுதினாயே, அதற்கு நன்றி. முக்கால்வாசிப் பேர் எழுதியிருக்க மாட்டார்கள். பழைய அளவுகளை அழிக்க முடியாது. படங்களோடு குறிப்பு ஒன்று சேர்த்துவிடுகிறேன். ஆனால் ஒன்று, அளவு இறங்கிக் காட்ட வேண்டும். இறங்காவிட்டால் என் காகக் கதையை எவனும் நம்பமாட்டான்."

பின்னேரம் கௌரி டெப்பிடம் போனாள். துணைக்குச் சுகிர்தனும் போனான். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கௌரி தொடங்கி, முடியாத இடத்தில் அவன் பொறுப்பெடுத்தான். முடிவில் டெப் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்றைக்கு நான் பிறந்த நேரம் கேட்டாயே, கௌரி. அது இதற்குத்தானா?"

"ஓம்... யெஸ்."

"நான் ஏதோ அரசாங்கப் படிவம் என்று நினைத்து, அம்மாவின் பழைய பெட்டியைக் கிளறி எடுத்துத் தந்தேன்." டெப் எழுந்து போய்த் தேநீர்க் கேத்தலை அடுப்பில் வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். "என் பேரில் யாரும் எதுவும் செய்ததில்லை. பப்பில் ஒரு கதிரைக்கு என் பேர் வைத்திருக்கிறார்கள். அதுவும் நான் அதை உடைத்ததால்."

"இனி வைக்கமாட்டன், டெப்" என்றாள் கௌரி.

"வைப்பாய்" என்றாள் டெப். "ஆறு மாதமாக என் பேரில் சாப்பிடுகிற காகங்களை நான் பட்டினி போடமாட்டேன். சுக்கி படித்தவன்தானே, அவன் ஒரு வழி பார்க்கட்டும்."

சுகிர்தன் பார்த்த முதல் இரண்டு வழிகளும் தோற்றன. புனலுக்கு மேலே பறவைகள் குந்தக் கம்பி வளையம் ஒன்று பூட்டினான். காகம் புனலை விட்டுக் கம்பியில் குந்தி, கம்பியிலேயே அலகைத் துடைத்தது. துடைத்தது புனலுக்குள்ளேயே விழுந்தது. டெப் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்ரிக் ஆந்தையைக் கொண்டுவந்து கம்பத்தில் கட்டினாள். முதல் நாள் காகங்கள் தூர நின்றன. அடுத்த சனி ஒன்று ஆந்தையின் தலையில் குந்தியிருந்தது. செப்ரெம்பர் போத்தல் மூன்று தசம் ஆறு என்றது. இறங்கியதுதான், ஆனால் போதவில்லை.

"ஆந்தைக்கு என் பேரை வைத்துவிடலாம்" என்றாள் டெப். "அதற்கும் யாரும் மரியாதை தருவதில்லை."

ஒக்ரோபர் முதல் சனி, அவன் மறுபடி யன்னலடியில் இருந்தான். இந்த முறை காகத்தைத் துரத்துவது எப்படி என்று பார்க்கவில்லை. காகத்துக்கு என்ன வேண்டும் என்று பார்த்தான்.

காகம் சோற்றைத் தட்டிலேயே தின்றது. தூசிமானிக்குத் தின்ன வரவில்லை. எள்ளும் எண்ணெயும் அலகில் ஒட்டிப் பிசுபிசுக்க, அதைத் துடைக்க மட்டும் வந்தது. தட்டிருந்த வேலித் தூணில் ஏன் துடைக்கவில்லை? தூண் பதிவு, உயரம் போதாது; அங்கே தலை குனிந்தால் நாய் வருவது தெரியாது. கூரையில் ஏன் துடைக்கவில்லை? தகரம் வழுவழுப்பு, வெயிலில் கொதிக்கும். வளவிலேயே உயரமும், பிடிமானமும், இரும்பின் சொரசொரப்பும் சேர்ந்து, தட்டுக்குக் கிட்ட இருந்தது தூசிமானி ஒன்றுதான். காகம் தன் அறிவுக்குச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

அவன் டெப்பின் கதவைத் தட்டினான்.

"நீளமான மரம் ஏதாவது இருக்கா? சீவாத மரம்?"

டெப்பிடம் பழைய மாட்டு வேலித் தூண்கள் கிடந்தன. தூசிமானியை விட்டு விலகி, வளவின் மறுகோடியில் இருவரும் குழி கிண்டினார்கள். செம்மண்ணில் மண்வெட்டி இறங்க மறுத்தது; டெப் கடப்பாரையால் குத்த, சுகிர்தன் அள்ளினான். கௌரி தண்ணீர் ஊற்றி இளக்கினாள். இரண்டு தூணை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைத்து நட்டு, தலையில் குறுக்குக் கட்டை அடித்து, சோற்றுத் தட்டையும் அதன் பக்கத்துக்கு மாற்றினார்கள். வேலை முடிந்ததும் டெப் அண்ணாந்து பார்த்து, "சிலுவை மாதிரி இருக்கிறது, பாதிரியார் வந்தால் நான் மனம் திருந்திவிட்டேன் என்று நினைப்பார்" என்றாள். அன்று மாலை டெப் இறைச்சி அடுப்பை மூட்டினாள். கௌரிக்குச் சனிவிரதம், அவளுக்காக டெப் தட்டின் ஒரு ஓரத்தில் சோளமும் உருளைக்கிழங்கும் வேறாக வாட்டினாள்.

ஒக்ரோபர் போத்தல் இரண்டு தசம் ஒன்று. நவம்பர் இரண்டு. டிசம்பர் இரண்டு. ஆண்டுச் சராசரி மூன்றேகாலுக்குச் சற்று மேல். நாலு வீடுகளும் நிற்கின்றன. ஏழாம் தூசிமானியின் கோப்பில், கிரெக்கின் குறிப்புக்குக் கீழே, சுகிர்தன் எழுதிய பரிகாரம் இது: சோற்றுத் தட்டைத் தூசிமானியிலிருந்து இருபது மீற்றர் தள்ளி வைக்கவும். தட்டிலிருந்து மூன்றடியில், தூசிமானியைவிட ஒரு மீற்றர் உயரமாக, சீவாத மரத்தில் குறுக்குக் கட்டை அடித்த கம்பம் ஒன்றை நடவும். காகம் அங்கே அலகு துடைக்கும். புனலுக்குள் தூசி மட்டும் விழும்.